ஒரே எண்ணில் 41 பேர்

அந்த விதியை எழுதியது நான்தான். மூன்றே வரி. ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து மூன்று பேர்வரை பதிவு செய்யலாம். நான்காவது வந்தால் தள்ளிவிடு. அந்த எண்ணை ஒதுக்கிவைத்து எங்களுக்கு ஒரு தகவல் அனுப்பு. எழுதிச் சோதித்துச் சர்வரில் ஏற்றியபோது மாலை ஐந்து மணி இருக்கும். வேலையைச் சுருக்காக முடித்த திருப்தியோடு கிளம்பிப் போனேன். அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன, அந்தத் தளமே இப்போது வேறு உருவத்தில் இருக்கிறது. ஆனாலும் விளிம்புநிலை மக்களுக்கான டிஜிட்டல் வடிவமைப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த மூன்று வரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. பெரிய எழுத்து, பெரிய பொத்தான், தாய்மொழி, குறைந்த டேட்டா என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். தலையாட்டிக்கொண்டே கேட்பேன். அவை எல்லாமே எங்கள் தளத்தில் இருந்தன.

என்ன தளம் என்று விரிவாகச் சொல்லத் தேவையில்லை. உதவித்தொகைக்கும் மருத்துவ உதவிக்கும் தகுதியுள்ள குடும்பங்கள் தாங்களே பதிந்துகொள்வதற்கானது. அந்தத் 'தாங்களே' எங்கள் குழுவுக்கு ரொம்பப் பிடித்த சொல். இடைத்தரகர் இல்லை, அலுவலகப் படியேற வேண்டாம், யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டாம். முதல் மாதம் பதிவுகள் நன்றாக ஏறின. ஒருநாள் பதிவுகளைக் கண்காணிக்கும் டாஷ்போர்டில் ஒரு எண் சிவப்பாக நின்றது. ஒரே எண், ஒரே போன், ஒரே மாலை, 41 பதிவுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நிமிஷம்கூட இல்லை. எங்கள் சோதனையில் பழகிய கைகளுக்கே ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. 41 பேரில் 19 பேருக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. முக்கால்வாசிப் பேருக்குக் கடைசிப் பெயர் ஒன்றேதான். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "பாட்" என்றார், ஆள் இல்லாமல் தானே படிவம் நிரப்பும் நிரல் என்ற அர்த்தத்தில். மனுஷக் கை இவ்வளவு வேகமாக நிரப்பாது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விதியை எழுதினேன். அடுத்த வாரக் கூட்டத்தில் 'இரட்டைப் பதிவுகள்' கோடு சரிந்திருந்ததைப் பார்த்து ஒருவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். வரைபடத்தில் ஒரு மலைப்பகுதி வெளுத்துப்போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். வந்த பதிவுக்குப் பச்சை, சந்தேகத்துக்குச் சிவப்பு என்று வைத்திருந்தோம். வராமலே போனதற்கு ஒரு நிறம் வைக்கத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் களப்பணியாளர் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். "தம்பி, உங்க தளத்துல ஒரு பிள்ளையை பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்க. அது வாரா வாரம் ஏறிப் போய் முயற்சி பண்ணிட்டு இறங்கி வருது" என்றார். எங்கே ஏறுகிறாள், எதற்கு இறங்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "வந்து பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோடு போட்ட நோட்டு

அது ஒரு பழங்குடிக் குடியிருப்பு. ஐம்பது வீடுகூட இருக்காது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அந்தப் பெண்ணையும் சேர்த்து மூன்றே பேர்; மற்ற இருவரும் வேலை தேடி வெளியே போய்விட்டார்கள். போன் அவளுடையது இல்லை, அவள் அம்மாவுடையது. கண்ணாடியில் வலது கீழ் மூலை நொறுங்கியிருந்தது, அங்கே தொட்டால் வேலை செய்யாது. எங்கள் 'அடுத்து' பொத்தான் சரியாக அந்த மூலையில் இருந்தது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவள் போனைக் குறுக்கே திருப்புவாள், ஸ்கிரீன் சுழலும், பொத்தான் உடையாத பக்கத்துக்கு நகரும், அழுத்திவிட்டு மறுபடி நிமிர்த்துவாள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் துணி சுற்றி இறக்குகிற மாதிரி, யோசிக்காமல் செய்தாள். அந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று நாங்கள் மூன்று வாரம் விவாதித்திருந்தோம். கட்டைவிரல் எட்டும் தூரத்தைப் பற்றி ஒரு முழு மதியம் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு நோட்டைக் காட்டினாள். நீளமான கணக்கு நோட்டு. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டங்களாகப் பிரித்திருந்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, குடும்ப எண்ணிக்கை என்று வரிசை போனது. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது. என் படிவம் வங்கிக் கணக்கு எண்ணை முதலில் கேட்டுவிட்டு எந்த வங்கி என்று அதற்கப்புறம் கேட்கும். என் கவனக்குறைவு அது. திருத்த வேண்டியவற்றின் பட்டியலில் நான்கு மாதமாகக் கிடந்தது. அவள் நோட்டிலும் கணக்கு எண் முதலில், வங்கி அடுத்த கட்டத்தில். என் தப்பை அப்படியே ஸ்கேல் வைத்து நகலெடுத்திருந்தாள். குடியிருப்பில் சிக்னல் கிடையாது. முக்கால் மணி நேரம் ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால் இரண்டு கோடு வரும். வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு எழுதிக்கொள்வாள். ஒருநாள் மாலை அம்மாவிடம் போனை வாங்கிக்கொண்டு ஏறுவாள். நோட்டை மடியில் வைத்து ஒரே மூச்சில் அத்தனை பேரையும் பதிவாள். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும், அதனால்தான் அந்த வேகம். "ஆஃப்லைன் வசதி: அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்று ஒரு கூட்டக் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன். இங்கே அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 1 எப்படி வந்தது என்று கேட்டேன். "பெரியவங்களுக்கு வருஷமே குத்துமதிப்புத்தான் சார். தேதி போட்டாத்தான் உள்ள விடுது. காலண்டரைத் திறந்தா அதுதான் முதல்ல நிக்குது." உலகம் முழுவதும் பிறப்புச் சான்று இல்லாதவர்களின் ஆவணங்களில், அகதிகள் பதிவேடுகளில், இந்த ஜனவரி 1 கூட்டம் கூட்டமாக நிற்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எழுதியவரின் கைக்கு எளிதாக எட்டும் தேதி அது. ஆளுக்கு ஒரு எண் ஏன் போடவில்லை என்றும் கேட்டுவைத்தேன், ஏதோ கேட்க வேண்டும் என்பதற்காக. "ஆளுக்கு ஒரு நம்பர்னா ஆளுக்கு ஒரு ரீசார்ஜ் சார். அத யாரு போடுறது?" கொஞ்சம் நிறுத்தி அவளே சொன்னாள்: "நான் ரோபோ இல்லைன்னு டிக் போடச் சொல்லுச்சு. போட்டேன். அப்புறமும் நம்பல." களப்பணியாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

யாரை நினைத்து வரைந்தோம்

இறங்கி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. 'பயனர்' என்று எழுதும்போது எங்கள் மனசில் ஓர் உருவம் இருந்திருக்கிறது. தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். கையில் சொந்த போன், அதில் சொந்த எண், மனசில் யாருக்கும் சொல்லாத கடவுச்சொல். ஏழை என்றால் அந்த ஆளின் போன் மட்டும் மலிவாகிவிடும். படிக்காதவர் என்றால் எழுத்துக்குப் பதிலாகப் படம் வரும். உருவம் மாறாது, உட்கார்ந்திருப்பது எப்போதும் ஒருவர்தான். ஓடிபி என்ற ஏற்பாடு முழுக்க இந்த உருவத்தை நம்பித்தான் நிற்கிறது. எண்ணை வைத்திருப்பவர்தான் அந்த ஆள் என்பது அதன் கணக்கு. குடும்பத்துக்கே ஒரு போன் என்ற இடத்தில் ஓடிபி நிரூபிப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்பதை. அதோடு, சில மாதம் பணம் போடாத சிம் செத்துவிடும், அந்த எண்ணை நிறுவனம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கு எண் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் கழித்து அவர்களுடைய ஓடிபி முகம் தெரியாத ஒருவர் போனில் போய் மணியடிக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது சின்ன விஷயம்தான். குறுஞ்செய்தியில் ரோமன் எழுத்து 160 வரை போகும். தமிழோ எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கோ, ரோமனைத் தாண்டிய எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான். தமிழில் 'கொ' என்பதே இரண்டு குறியீடாக எண்ணப்படும் என்பதால் உண்மையில் கையில் நிற்பது இன்னும் குறைவு. ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் ஒரு செய்தி, இங்கே மூன்று. எங்கள் கணக்குப் பிரிவு மூன்றாவது மாதமே கேட்டது: ஓடிபி செய்தியை ஆங்கிலத்துக்கு மாற்றினால் என்ன? மாற்றினோம். தாய்மொழியில் சேவை என்று முகப்பில் போட்டிருந்த அதே தளம்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எண்பதுகளில் யாரோ வகுத்த ஒரு அளவு, எங்கள் செலவுப் பட்டியலில் வந்து ஒரு மொழியைத் தின்றுவிட்டுப் போனது.

படம் போட்டால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். 2000களின் நடுவில் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதி, வீட்டுவேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து எழுத்தே இல்லாத ஒரு வேலைவாய்ப்புச் செயலியை உருவாக்கிப் பார்த்தார். பாத்திரம் கழுவும் வேலையைக் காட்டக் குழாயும் பாத்திரமும் வரைந்தால் அவர்களுக்கு அது ஒரு சமையலறை மூலை, அவ்வளவுதான். குழாயிலிருந்து தண்ணீர் ஓடுவதாகக் கோடு போட்ட பிறகுதான் அது வேலையாக மாறியது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கண்டுபிடிப்பு. படங்களெல்லாம் புரிந்த பிறகும் இது எதற்கு, இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. வேலை தேடுபவரும் வேலை கொடுப்பவரும் இந்தக் கருவி வழியாக எப்படிச் சந்திக்கிறார்கள் என்று ஒரு சிறு காட்சியாக வீடியோவில் காட்டிய பிறகே நிலைமை மாறியது. ஐகானைத் திருத்துவதில் பொழுதைக் கழிக்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிடுவோம்.

உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருப்பதாகக் கணக்கிட்டது. கடந்த மூன்று மாதத்தில் எங்கிருந்தாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர் உள்ளே, இல்லையென்றால் வெளியே. இதுதான் அவர்களுடைய அளவுகோல். அந்த நோட்டில் இருந்த 41 பேரையும் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்கிரீனைத் தொட்டதே இல்லை. ஆனால் அவர்கள் பெயரில் கணக்கு இருந்தது, கடவுச்சொல் இருந்தது, விண்ணப்பத்தின் நிலை என்ன என்று வாராவாரம் அவளிடம் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

தப்பாகப் பயன்படுத்தியவர்கள்

கென்யாவின் எம்-பெசா கதையை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கியது, சாதாரண போனிலேயே சிம் மெனு வழியாகப் பணம் அனுப்பலாம், வங்கிக் கணக்கு வேண்டாம் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அதற்கு முந்தைய பகுதியை. 2005இல் நடந்த வெள்ளோட்டம் பணம் அனுப்புவதற்கானதே இல்லை. நுண்கடன் வாங்கியவர்கள் தவணை கட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் கையில் கிடைத்ததும் மக்கள் இஷ்டத்துக்கு வளைத்தார்கள். ஒருவர் கடனை இன்னொருவர் கட்டினார், அதற்குப் பதிலாக வேறு ஏதோ உதவி வாங்கிக்கொண்டார். பயணம் போகிறவர் புறப்படும் ஊரில் பணத்தைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார். கடைக்காரர்கள் ராத்திரிப் பெட்டகமாக வைத்துக்கொண்டார்கள். வடிவமைத்தவர்களின் பார்வையில் இவை எல்லாமே தப்பான பயன்பாடு. என்னைப் போல ஒருவன் அங்கே இருந்திருந்தால் 'ஒருவர் கடனுக்கு ஒருவரே தவணை கட்டலாம்' என்று மூன்று வரி எழுதியிருப்பான். அங்கே வடிவமைத்தவர்களோ கடன் தவணையை ஓரமாக வைத்துவிட்டு, பணம் அனுப்புவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு களம் இறங்கினார்கள்.

நேர் எதிரான கதையும் உண்டு. இந்தியாவின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலைத்தளத்தில் வருகையைப் படம் பிடித்து ஏற்றும் செயலி 2021 மேயில் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதிந்த படம். போலி வருகையைப் பிடிக்க வேண்டும் என்பது நோக்கம், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில், சர்வர் படுத்த நாளில், அன்றைக்கு மண் வெட்டியவரின் கூலி காற்றில் போனது. போலிப் பட்டியல் எழுதுகிறவர் வேறு ஆள், கூலியை இழப்பவர் வேறு ஆள். இதைக் கோபமாகச் சொல்ல ஆரம்பித்தால் உடனே என் டாஷ்போர்டு ஞாபகம் வந்து குரல் இறங்கிவிடுகிறது. மோசடியைத் தடுக்கும் விதி எழுதுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. அவன் பிடித்த மோசடிக்குக் கணக்கு இருக்கும். தள்ளிவிடப்பட்ட நியாயமான ஆட்களை யாரும் எண்ணுவதில்லை.

கடைசிப் பெயர் விவகாரமும் எங்களுடையது மட்டுமில்லை. 2014, 2015 வாக்கில் அமெரிக்கப் பூர்வகுடியினர் பலரின் ஃபேஸ்புக் கணக்குகள் முடக்கப்பட்டன; அவர்களுடைய உண்மைப் பெயர்கள் அந்த அமைப்புக்குக் கற்பனைப் பெயராகப் பட்டதுதான் காரணம். தலைமுறை தலைமுறையாக வரும் பெயருக்கு ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்து 2015 கடைசியில் நிறுவனம் விதியைத் தளர்த்தியது. எங்கள் 41 பேருக்கும் கடைசிப் பெயர் என்ற ஒன்றே இல்லை. கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது என்பதால் அந்தப் பெண் குலப் பெயரைப் போட்டு வந்திருக்கிறாள். நாங்கள் கட்டாயமாக்கிய கட்டத்தில் அவள் நேர்மையாக எழுதியதை வைத்துத்தான் நாங்கள் அவளைப் போலி என்றோம்.

நடுவில் நிற்பவள்

இதோடு நிறுத்தினால் நான் அவளை ஒரு தேவதையாக்கிவிட்டுப் போனதாகிவிடும். நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதில் 41 கடவுச்சொற்களும் இருந்தன. எல்லாம் ஒரே சொல்லும் அதையடுத்து ஒரு எண்ணும்: 1, 2, 3 என்று 41 வரை. ஒரு குடியிருப்பின் வங்கிக் கணக்கு, நோய் விவரம், குடும்பச் சண்டையில் யார் பெயர் விடுபட்டது என்பதுவரை ஒரு நோட்டுக்குள், ஒரு மர அலமாரியில். அவள் நல்லவள். அடுத்த மலையில் இதே வேலையைச் செய்பவர் எப்படிப்பட்டவரோ. பதிவுக்கு இவ்வளவு, பணம் வந்தால் அதில் பாதி என்று பிடுங்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழு இடைத்தரகரை வெறுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் நடுவில் ஆளே இல்லை என்று நாங்கள் எழுதிவைத்ததால் நடுவில் இருந்த ஆள் மறைந்துவிடவில்லை. பெயரில்லாத, பதிவேடு இல்லாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்துக்குத் தள்ளப்பட்டார், அவ்வளவுதான். நல்லவளுக்கும் கெட்டவனுக்கும் எங்கள் சர்வரில் ஒரே தடம்தான் இருந்தது.

எம்-பெசாவில் நடுவில் ஆள் உண்டு. அவருக்கு முகவர் என்று பெயர், கடை, பலகை எல்லாம் உண்டு. ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு முகவரிடமும் ஒரு காகிதப் பதிவேடு இருந்தது. தேதி, தொகை, அடையாள எண் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவார். அதைப் படித்தபோது எனக்கு அந்த நீள நோட்டுதான் கண்ணில் வந்தது. கோடு அதே கோடுதான். ஒன்றை நிறுவனம் ஏற்றுக்கொண்டது, இன்னொன்றை நாங்கள் பாட் என்றோம். சத்தீஸ்கரில் 2010இல் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் செய்திச் சேவையிலும் இதைப் பார்க்கலாம். மிஸ்டு கால் கொடுத்தால் சர்வர் திரும்பக் கூப்பிடும், பேசுகிறவருக்குச் செலவில்லை, கோண்டி என்ற பழங்குடி மொழியில் பேசலாம். 2011 கணக்கெடுப்பில் கோண்டி பேசுவோர் 30 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள், ஆனால் பல மாநிலங்களில் சிதறிக் கிடப்பதால் எந்த அரசுக்கும் அது சொந்த மொழி இல்லை. அங்கே குரலைப் பதிவு செய்தால் அது நேராக வெளியே போவதில்லை. ஒருவர் உட்கார்ந்து கேட்டு, விசாரித்து, பிறகு வெளியிடுகிறார். வேறு எங்கோ இருக்கும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுச் சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் போன் செய்கிறார். கை மாறி கை மாறித்தான் ஒரு புகார் தீர்கிறது. தனி ஆள், தனி போன் என்ற உருவம் அங்கே எந்த மூலையிலும் இல்லை.

சம்மதம் என்பதும் அந்த நோட்டைப் பார்த்த பிறகு எனக்குக் குழம்பிவிட்டது. 'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் 41 முறை டிக் போட்டவள் அவள்தான். எந்த 'நான்'? கேட்டதற்கு, "நம்மளப் பத்தி எல்லாம் எழுதிக் குடுக்கலாமான்னு ஒருநாள் ராத்திரி எல்லாரும் உக்காந்து பேசித்தான் சார் ஆரம்பிச்சோம். ரெண்டு வீடு வேணாம்னுட்டாங்க. அவங்களத நான் எழுதல" என்றாள். எங்கள் தளத்தின் தனியுரிமைக் கொள்கை பதினோரு பக்கம். அதை ஒருவர்கூட முழுக்கப் படித்ததில்லை என்பது எங்களுக்கே தெரியும். இங்கே ஒரு குடியிருப்பு முழுக்க உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டு வந்திருக்கிறது. அந்த ராத்திரியைப் பதிந்துகொள்ள எங்களிடம் ஒரு கட்டம் இல்லை. கனடாவின் முதல் குடிகள் 1998இலேயே தங்களைப் பற்றிய தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் நான்கும் தங்களிடம் இருக்க வேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். 2019இல் உலகப் பூர்வகுடித் தரவுக் கூட்டமைப்பு வெளியிட்ட நெறிகளிலும் முதலில் வருவது கூட்டுப் பயன்தான். இவை எதையும் நான் அன்றுவரை படித்ததில்லை. படிக்காதவர்கள் அவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்திரேலியாவின் டெனன்ட் க்ரீக்கில் வருமுங்கு என்ற பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உருவாக்கிய முகுர்ட்டு என்ற ஆவணக் களஞ்சியத்தைப் பற்றிப் பின்னால் தேடிப் படித்தேன். எங்களைப் போன்றவர்கள் ஒரு படத்துக்கு இரண்டு நிலைதான் வைப்போம்: எல்லோரும் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கலாம். அங்கே உறவுமுறை, பால், வயது, எந்த நிலத்துக்குச் சொந்தமானவர் என்பதைப் பொறுத்து ஒரு படம் திறக்கும் அல்லது மூடும். பெண்களுக்கு உரியதை ஆண்கள் பார்க்க முடியாது. இறந்தவரின் படத்துக்குத் தனி முறை. முகுர்ட்டு என்ற சொல்லே புனிதப் பொருள்களைப் பத்திரமாக வைக்கும் பையைக் குறிப்பது. நியூசிலாந்தில் கைடாயா ஊரின் மாவோரி வானொலி, தே ஹிகு, 2018இல் பத்தே நாளில் சுமார் 2,500 பேரிடமிருந்து 300 மணி நேரத்துக்கு மேல் குரல் பதிவு திரட்டியது. கணினிக்கு மாவோரிப் பேச்சைக் கற்றுக்கொடுக்க. அந்தக் குரல்களை யாருக்கும் விற்கவில்லை. தாங்கள் காவல் காப்பவர்கள் மட்டுமே என்று சொல்லும் உரிமத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள். பொறியாளர்கள் யாருக்கும் செய்ய முடியாத வேலை இல்லை இது. யாரிடம் போய்க் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

திரும்பி வந்த மறுநாள் விதியை எடுத்தேன். அவளுடைய எண் விடுபட்டது. தள்ளிவிடப்பட்ட மற்றவர்களையும் தேடினோம். அதே மாதிரி இன்னும் பல எண்கள் ஒதுங்கிக் கிடந்தன, சில உண்மையிலேயே மோசடி, பல இல்லை. கூட்டத்தில் நோட்டின் படத்தைப் போட்டுக் காட்டினேன். யாரும் மேசையைத் தட்டவில்லை. எட்டு மாதம் பிடித்தது, ஆனால் 'துணையாளர்' என்று ஒரு வழியைத் தளத்துக்குள்ளேயே கட்டினோம். ஒருவர் பலருக்காகப் பதியலாம். ஒவ்வொன்றிலும் அவர் பெயர் இருக்கும். பதிவுக்கு உரியவர் பின்னால் எந்த போனிலிருந்தும் கூப்பிட்டு, குரல் வழியாகத் தன் விவரத்தைக் கேட்டுச் சரிபார்க்கலாம், வேண்டாம் என்றால் நீக்கலாம். சிக்னல் இல்லாமலே நிரப்பி வைத்துப் பாறை மேல் போய் அனுப்பலாம். 'அடுத்து' பொத்தான் நடுவுக்கு வந்தது. வங்கிப் பெயர் கணக்கு எண்ணுக்கு முன்னால் ஏறியது. எனக்குள் அந்தப் பழைய கெட்டிக்காரத் திருப்தி கொஞ்சம் தலைகாட்டியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெளியிடுவதற்கு முன்னால் முதலில் அவள் பார்க்கட்டும் என்று களப்பணியாளர் வழியாக அனுப்பினோம். அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. நொறுங்கிய மூலை, அவள் கட்டைவிரல், முதல் பக்கத்திலேயே சிவப்பில் ஒரு வரி: 'துணையாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தரவும். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் உள்ள எண் ஏற்கப்படாது.' அம்மாவின் எண் அம்மா பெயரில் எப்போதோ பதிவாகியிருந்தது. படத்துக்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. அந்தச் சிவப்பு வரியை எழுதியதும் நான்தான்.